தெரிந்த வித்தியாசம்

போன் வந்தபோது நான் ஸ்டூடியோவில் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை நாங்கள் படம் எடுக்க ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. போனில் சகாயமேரியின் பெயரைப் பார்த்ததும், லூயி வழக்கம்போலத் தன் போனை எங்கோ வைத்துவிட்டு மனைவியின் போனிலிருந்து கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில், "இன்னாடா, இன்னும் கெளம்பலயா?" என்றேன். பேசியது அவன் மைத்துனர். "அண்ணா, மாமாவுக்கு விடியக்காலமே நெஞ்சு வலி. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். போற வழியிலயே முடிஞ்சிடுச்சிண்ணா" என்றார். நான் சார்ஜரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு லூயியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சாரம் பகுதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினோம். கேமரா நான், லைட் அவன். மண்டபத்திலிருந்து திரும்பியதும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துவதும் அவன் பொறுப்பு. அவனை 'அவன்' என்று எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ பெரிய மனிதரைப் பற்றிய செய்தி போல இருந்தது. லூயியே படித்தாலும் சிரித்துவிடுவான்.

லூயி என்றாலே உங்களுக்கெல்லாம் அந்த இரட்டைத் திரைதான் நினைவுக்கு வரும். திரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஒரு ஃபோல்டரையும் வலப்பக்கம் ஒரு ஃபோல்டரையும் அருகருகே காட்டும் சாஃப்ட்வேர் அது. கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் படங்கள் ஏறி முடிந்ததும், நம்மில் யாராக இருந்தாலும் 'முடிந்தது' என்று எழுந்துவிடுவோம். லூயிக்கு வேலை அப்போதுதான் தொடங்கும். இடப்பக்க ஃபோல்டரின் மேல் கர்சரை வைத்து ஸ்பேஸ் பாரைத் தட்டுவான். அதற்குள் எத்தனை பைட் இருக்கிறது என்கிற மொத்த எடை வரும். வலப்பக்கமும் அதேபோல ஒரு தட்டு. இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனால்தான் கார்டைக் கையில் கொடுப்பான். கொடுக்கும்போது "செ பொன்" என்பான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த பெரியப்பாவின் வீட்டிலிருந்து அவன் கொண்டுவந்த ஒரே சொத்து, 'சரியாக இருக்கிறது' என்கிற அந்த வார்த்தைதான். எனக்கு இந்தச் சடங்கே பிடிக்காது. பசி நேரத்தில் யாருக்குத்தான் பிடிக்கும்? "கடல்ல போய் மீனா எண்ணப் போற, எழுந்து வாடா" என்று கத்துவேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரத்திலிருந்து இன்னொரு கேமராக்காரரை வாடகைக்கு அழைத்திருந்தோம். அவர் கேமராவும் என்னுடையதும் ஒரே கம்பெனி. ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், இரண்டு கார்டுகளையும் அவரே ஒரே ஃபோல்டருக்குள் ஏற்றிவிட்டார். நடுவில் கம்ப்யூட்டர் ஏதோ கேட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அமுக்கியிருக்கிறார். பிறகு ஃபோல்டரைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். பெண் இருந்தது, மாப்பிள்ளை இருந்தார், தாலி கட்டுவது இருந்தது, பந்தியும் இருந்தது. "எல்லாம் இருக்குதுங்க, கார்ட குடுங்க, ஃபார்மட் போட்டு அழிச்சிட்டுக் கெளம்புறேன்" என்றார். லூயி கார்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரட்டைத் திரையைத் திறந்தான். இரண்டு கார்டுகளின் எடையையும் கூட்டினால் ஒரு தொகை வந்தது. டிஸ்க்கில் இருந்ததோ அதைவிடக் குறைவு.

"கண்ணால பாத்தா எல்லாம் இருக்குற மாதிரிதாங்க இருக்கும். எடையப் பாருங்க" என்றான் லூயி. பிறகு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டான். இரண்டு கேமராக்களும் படங்களுக்கு ஒரே எண்களைப் பெயராக வைத்திருந்தன. அதனால் அவருடைய படங்கள் ஏறியபோது, அதே பெயரில் இருந்த என் படங்கள் அழிந்து போயிருந்தன. நான் பக்கத்தில் நின்று எடுத்த தாலி கட்டும் படங்கள் எல்லாம் அதில் போயிருந்தன. "பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணாயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே, என் கார்டை மறுபடி செருகித் தனி ஃபோல்டரில் ஏற்றினான். விழுப்புரத்துக்காரர் அன்று அடுத்த பஸ்ஸில்தான் போனார். போகும்போது லூயியிடம் அந்த சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்.

அவனிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற படங்கள் ஒரு டிஸ்க்கில் இருக்கும். அதில் கண் மூடியவை, ஆட்டம் கண்டவை எல்லாவற்றையும் நீக்கிவிடுவோம். பேக்கப் டிஸ்க்கில் மட்டும் கார்டில் இருந்தது இருந்தபடியே இருக்கும், எதையும் தொடக்கூடாது. இடம் போதவில்லை, பழையவற்றிலாவது குப்பையைக் கழிப்போம் என்று நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். "குப்பைன்னு ஒண்ணும் இல்ல கலியா. இன்னிக்கித் தேவையில்லாத படம், அவ்ளோதான்" என்பான். பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து ஒரு பெண், கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இறந்துபோன தன் அப்பாவின் முகம் வேண்டும் என்று வந்தபோது, ஓரத்தில் யாரிடமோ பேசியபடி அவர் மங்கலாக நிற்கிற படங்களை அந்தப் பேக்கப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண் போன பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு இடம் போதவில்லை என்ற பேச்சை நான் எடுக்கவில்லை.

ஒருநாள் நான் ஏதோ தேடுவதற்காக அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் கல்யாண வீட்டு டிஸ்க், வலப்பக்கம் பேக்கப். நீக்கும் வேலையே இன்னும் தொடங்காத புதுக் கல்யாணம் அது. ஆனாலும் இரண்டு எடைக்கும் கொஞ்சம் இடித்தது. இத்தனை நாள் என்னைப் பட்டினி போட்டதற்குப் பழி வாங்கச் சரியான நேரம் என்று, "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற, இங்க வந்து பாரு, ரெண்டும் சேரல" என்று கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அது தெரிஞ்ச வித்தியாசம், வுடு" என்று சொல்லிவிட்டு லைட் ஸ்டாண்டைத் துடைக்கப் போய்விட்டான். என்ன வித்தியாசம் என்று நானும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் தெருமுனையில் இருந்த பேனரைப் பார்த்திருப்பீர்கள். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அவசரத்துக்கு வேறு படம் கிடைக்கவில்லை. அவர்கள் கல்யாண ஆல்பம், ஒரு புயல் வருடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோதே ஒட்டிப் பாழாகிவிட்டது. போனில் இருந்தவை எல்லாம் கூட்டத்தில் பாதி முகம், இல்லாவிட்டால் முதுகு. யார் படம் எடுக்கப் போனாலும் "குடு, நான் எடுக்கறேன்" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறவன் எந்தப் படத்தில் இருப்பான்?

மூன்றாவது வாரம் சகாயமேரி ஸ்டூடியோவுக்கு வந்தது. "அண்ணா, முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில்ல படம் வைக்கணும். அந்த பேனர் மூஞ்சி வாணாம்ணா. இன்னாவோ தப்பு பண்ணிட்டு நிக்கிறாப்ல இருக்குறாரு. அது அவரே இல்ல. ஊர்ல இருக்கறவங்க மூஞ்சியெல்லாம் எடுத்தீங்க. அவரு சிரிக்கிறாப்ல ஒண்ணே ஒண்ணு இல்லியா?" என்றது. தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். நான் கேமராவுக்குப் பின்னால், அவன் லைட்டுக்குப் பின்னால். எங்கள் படங்களில் எங்களுக்கு இடம் ஏது? நண்பன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அவன் மனைவி கேட்கிற ஒரு முகத்தைக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவனும் நானும் கடைசியாக எடுத்த கல்யாணத்தின் படங்களைக் கேட்டு அந்த வீட்டார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இனி யார் செய்வது? ஒரு மத்தியானம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து இரட்டைத் திரையைத் திறந்தேன். இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. சேரவில்லை. அவன் பார்த்த கடைசி வேலை, அதில் குறை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் பொத்தானை அமுக்கினேன். இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் மட்டும் இருந்த ஃபைல்கள் சிவப்பாயின. வரிசையின் ஆரம்பத்திலேயே, நாலைந்து வரிகள். முதல் வரியைத் திறந்தேன்.

லூயி நின்றுகொண்டிருந்தான்.

மணமேடையில், மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைத் தாளை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருவதற்கு முன்னால் வெளிச்சமும் நிறமும் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, ஓர் ஆளை வெள்ளைத் தாளோடு அங்கே நிறுத்திச் சில படங்கள் எடுப்போம். எங்களில் நிற்கிற ஆள் எப்போதும் அவன்தான். இடமும் வலமும் சரிபார்த்த உடனே, கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் டிஸ்க்கிலிருந்து அவன் முதல் வேலையாக அழிப்பது அந்தப் படங்களைத்தான். "பொண்ணு மாப்ள மூஞ்சிக்கு முன்னாடி என் மூஞ்சி எதுக்கு?" என்று எப்போதோ சொல்லியிருக்கிறான். பேக்கப்பில்தான் யாரும் கை வைக்கக் கூடாதே. தன் சட்டத்தை அவன் தனக்காகவும் மீறவில்லை.

அதற்கு முந்தைய கல்யாணத்தைத் திறந்து ஒப்பிட்டேன். கழித்த படங்களும் சேர்ந்து நிறைய வரிகள் சிவந்தன. மேலே இருந்த நாலைந்தைத் திறந்தேன். லூயி. அதற்கும் முந்தையது. லூயி. வருடங்களைப் பின்னால் தள்ளத் தள்ள, மீசையில் கறுப்பு ஏறியது, மூக்குக் கண்ணாடி காணாமல் போனது, தொப்பை கரைந்தது. காரைக்காலுக்குப் போனபோது எடுத்த ஒன்றில், தாளுக்கு மேல் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறான். இன்னொன்றில் கொட்டாவி. தேதியெல்லாம் நான் பார்க்கவில்லை. வெளிச்சம் சரியா என்று மட்டுமே பார்த்துவிட்டுத் தாண்டிப் போன முகத்தை முதன்முதலாக ஆசை தீரப் பார்த்தேன். ஆசை தீரவும் இல்லை. வாய்விட்டு அழுதேன், சொல்வதற்கு என்ன?

சகாயமேரியை அழைத்து அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தது. "இந்தச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இது பெரியவ பொறந்த வருசம். தூக்கமே இல்ல, கண்ணப் பாருங்க" என்றது. கடைசியில் ஒரு படத்தில் நிறுத்தியது. வாய் திறந்திருக்க, பேச்சும் சிரிப்புமாக நிற்கிறான்.

"இதுல இன்னா சொல்றாருண்ணா?"

"சீக்கிரம் எடுடா, வேர்த்து ஊத்துதுன்னு சொல்றான்மா."

சகாயமேரி சிரித்தது. சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டது. தாளை மறைத்து, பின்னால் மேடையில் பூவால் எழுதியிருந்த யாரோ இருவர் பெயரையும் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "வாணாம்ணா. எதையும் எடுக்காதீங்க. நின்ன மாதிரியே இருக்கட்டும்" என்றது. பூசைக்கு வந்தவர்கள், பீடத்தருகே இருந்த படத்தில் அவன் ஏன் வெள்ளைத் தாளோடு நிற்கிறான் என்று கேட்டீர்கள். இதுதான் பதில்.

கடைசிக் கல்யாணத்தின் படங்களைக் கொடுத்தபோது, அவன் அழித்திருந்த அந்த நாலைந்தையும் பேக்கப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். இரண்டு நாளில் மாப்பிள்ளை போன் செய்தார். "அண்ணா, முன்னாடி பேப்பர் வச்சிக்கினு ஒருத்தர் நிக்கிறாரே, யாரு அவரு?" என்றார். "உங்க மேல வெளிச்சம் சரியா வுழுதான்னு, உங்களுக்கு முன்னாடி போய் நின்னு பாத்தவருங்க" என்றேன்.

அந்தப் படங்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்திருக்கிறேன். அவன் பழக்கப்படி இரண்டு டிஸ்க்கில். சகாயமேரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், சரிபார்க்காமல் எழுந்திருக்க முடியாத அந்த வியாதியும்தான். இப்போது லைட்டுக்கு வருகிறவர் நல்லவர், நிற்கச் சொன்னால் நிற்பார். நான் சொல்வதில்லை. காலி மேடையையே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கேமராவிலேயே அழித்துவிடுகிறேன். அதனால் ஸ்டூடியோவுக்கு வந்து இரட்டைத் திரையைத் திறந்தால் இடமும் வலமும் கடைசி இலக்கம்வரை சேர்ந்துவிடுகின்றன. இதற்காகத்தானே அவன் பாடுபட்டான்? ஆனாலும் நான் ஒப்பிடும் பொத்தானை அமுக்கிவிட்டு, வலப்பக்கத்தின் மேல் வரிகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியாவது சிவக்காதா என்று இருக்கிறது.