வீட்டோடு போன மீன்தொட்டி

சம்மாந்துறையில் பிறந்து சாய்ந்தமருதில் மாப்பிள்ளையாக வந்து இறங்கிய ஜவுபருக்கு, அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரேயொரு சாமான் இருந்தது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆறு ஏஞ்சல் மீன்கள், கூடவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எதையோ நக்கியபடியே காலம் தள்ளும் ஒரு சக்கர் மீன். மற்றதெல்லாம் மனைவி நதீராவுடையது. வீடு அவள் பெயரில், வளவு அவள் பெயரில், கிணறும் கிணற்றடித் தென்னையும் அவள் பெயரில். குளிர்சாதனப் பெட்டி அவளுடைய தம்பி கட்டாரிலிருந்து அனுப்பியது. ஜவுபர் படுத்தெழும்பும் கட்டில்கூட மாமியார் சொல்லிச் செய்வித்த கட்டில்தான்.

இதில் அவருக்கு மனக்குறை இல்லை என்றால் பொய். குறைபட்டுக்கொண்டு திரிந்தார் என்றாலும் பொய். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். மரியாதைக்கு ஒரு குறையும் இராது. மீன் ஆணத்தில் தலைத்துண்டு அவருக்கு, விசிறிக்குக் கீழே உள்ள கதிரை அவருக்கு. அந்த மரியாதைதான் சிக்கலே. சொந்தக்காரனுக்கு யாராவது தலைத்துண்டை எடுத்து வைப்பார்களா? விருந்தாளிக்குத்தானே வைப்பார்கள்! இருபது வருஷத்துக்கு மேலாக ஜவுபர் அந்தத் தலைத்துண்டைச் சாப்பிட்டு வருகிறார்.

பகல் முழுக்க சம்மாந்துறையில் ஒரு உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் நின்று வியாபாரம். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பி, முகம் கைகால் கழுவி, தேத்தண்ணிக்கு முன்னமே தொட்டியடியில் போய்க் குந்துவார். மீன்கள் அவரைக் கண்டதும் முன்பக்கம் வரும். தன்னைப் பார்த்துத்தான் வருகின்றன என்பது ஜவுபரின் எண்ணம். தீனிக்கு வருகின்றன என்பது நதீராவின் எண்ணம்.

மகள் அம்ஹாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பொருந்திய பிறகுதான் தொட்டிக்குக் கண்டம் பிடித்தது. பையன் பெயர் மிஹ்லார். கல்முனையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை, பண்பான பிள்ளை. வீட்டை அம்ஹாவின் பெயருக்கு எழுதிக் கொடுப்பது, பெற்றோர் இருவரும் குசினியோடு ஒட்டின பின்னறைக்கு மாறுவது என்று பேசி முடிந்தது. அதில் புதினம் ஒன்றுமில்லை. நதீராவுடைய உம்மாவும் அப்படித்தான் பின்னறைக்கு மாறினார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும் நதீரா மண்டபத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, சுவருக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, திரைச்சீலையும் மாத்தியாச்சு. உங்கட தொட்டி மட்டும் மூலைக்குள்ள இருட்டா, மையத்து எடுத்த ஊடு மாதிரிக் கிடக்கு. ஒண்டில் அதுக்கு வெளிச்சத்தப் போடுங்க, இல்லாட்டி பின்னால தூக்குங்க."

பின்னால் தூக்கியிருக்கலாம். அன்றைக்கே தூக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜவுபர் வெளிச்சம் வாங்கக் கல்முனை பஸாருக்குப் போனார்.

ஃபோன் சாமான் விற்கும் பாயிஸ், எல்ஈடி பட்டியைச் சுருளாக எடுத்து மேசையில் போட்டான். "ஃபோனாலேயே நிறம் மாத்தலாம் காக்கா. கூட்டலாம், குறைக்கலாம், நேரம் வெச்சா தானாப் பத்தும், தானா நூரும். தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகா."

"அப்ப தண்ணிக்குள்ளேயே போடலாமா?"

"போடலாம். ஆனா போட்டுராதீங்க."

ஜவுபர் தண்ணீருக்குள் போடவில்லை. தொட்டியின் மூடிக்கு உள்பக்கம், பின்விளிம்போடு ஒட்டினார். ஒட்டுமுன் ஈரத்துணியால் துடைத்து வைத்தபடியால், விடிந்து பார்க்கும்போது பட்டி தண்ணீருக்குள் நெளிந்து கிடந்தது. தீனியென்று நினைத்து மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி ஒட்டினார். மிச்சத்தை வெட்ட வேண்டும். பட்டியில் இடைக்கிடை கத்திரிக்கோல் படம் போட்டிருக்கும், அந்தக் கோட்டில்தான் வெட்டவேண்டும். ஜவுபரோ தொட்டியை அங்குலக் கணக்கில் அளந்து, அளந்த இடத்திலேயே வெட்டினார். கடைசி மூன்று பல்புகளும் மௌத்தாய்ப் போயின. உதிரிப்பாகக் கடைக்காரனுக்கு அளவு பிசகாது, பட்டிக்காரன்தான் கோட்டைப் பிழையாகப் போட்டிருக்கிறான் என்று பாயிஸிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வயர் விஷயத்தில் மட்டும் குறைசொல்ல ஏலாது. கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டியைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஏற்றினார். வயரை நேரே பிளக்குக்கு விடாமல், கீழே ஒரு தொங்கல் விட்டுத் திரும்ப மேலேற்றினார். தண்ணீர் வழிந்தாலும் தொங்கலில் சொட்டிவிட்டுப் போகும், பிளக்குக்குள் இறங்காது.

பிறகு ஃபோனைக் கையில் எடுத்தார். முதல் அமுக்கின பொத்தான் டிஸ்கோ. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மாறிமாறி வெட்டின வெட்டில், பிறந்த நாளிலிருந்து கண்ணாடியை விட்டு நகராத சக்கர் மீன் ஒரே பாய்ச்சலில் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. ஜவுபர் பதறிப்போய் அதை நிற்பாட்டினார். ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து, வெள்ளையோடு கொஞ்சம் நீலம் சேர்ந்த ஒரு வெளிச்சத்தில் வந்து நின்றார். ஏஞ்சல் மீன்களின் கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் வெள்ளி மினுங்கியது. யா அல்லாஹ், என்ன வடிவு! ஜவுபர் தள்ளி நின்று பார்த்தார். அந்த வீட்டுக்குள் தன் கையால் இவ்வளவு வடிவான ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை.

பெண்கள் வந்தார்கள். அறை அறையாகப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், கடைசியாக மண்டபத்தில் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் மிஹ்லாரின் உம்மா. "ஊட்டுக்கே இதுதான் வடிவு. மகனுக்கெண்டே பார்த்துச் செஞ்சாப்போல இரிக்கி."

"ஓம் ராத்தா," என்றாள் நதீரா. "எல்லாம் புள்ளையளுக்குத்தானே."

கூட வந்த ஆண்களோடு விறாந்தையில் இருந்த ஜவுபர், கையில் பிடித்த பலகாரத்தை வாயில் வைக்க மறந்துபோனார். சம்பந்தி முன்னால் சொன்ன சொல் எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி. அதைத் திருப்பி எடுக்க இந்த ஊரில் ஒருவராலும் ஏலாது.

ஆட்கள் போன பிறகு குசினிக்குள் போனார். "என்ன நதீரா, தொட்டியைக் குடுத்துப்போட்டாய்?"

"நான் எப்ப குடுத்தன்?"

"எல்லாம் புள்ளையளுக்குத்தான் எண்டாயே."

"வேறென்ன சொல்லுற? ஊட்டையே குடுக்கிற இடத்தில, இந்த ஏழு மீனும் எங்கட எண்டு சொல்லவா? மானம் போயிராதா?"

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் ஜவுபருக்கு இன்னும் எரிச்சல்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. வீடு அம்ஹாவின் பெயருக்கு மாறியது. ஜவுபரும் நதீராவும் பின்னறைக்குப் போனார்கள். அதுவும் ஒரு குடிபெயர்வுதான். கட்டிலும் அலுமாரியும் வைத்ததும் அறை முடிந்துவிட்டது. நாலடித் தொட்டிக்கு அங்கே கனவில்கூட இடமில்லை. காலையில் மீனுக்குத் தீனி போட மண்டபத்துக்குப் போகிற ஜவுபர், வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே போனார். அவரைக் கண்டால் மிஹ்லார் மரியாதையாக எழும்பி நிற்பான். மருமகன் நிற்கும்போது இருக்கக் கூடாதென்று ஜவுபரும் நிற்பார். யாராவது ஒருவர் வெளியே போகும்வரை இருவரும் நின்றபடிதான்.

ஆனால் ஜவுபரிடம் ஒன்று மிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனோடு மட்டுமே சேரும். அது சேர்ந்திருந்தது ஜவுபரின் ஃபோனோடு. பின்னறைச் சுவரைத் தாண்டி அது வேலையும் செய்தது. பகலில் மாமாவும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பின்னேரம் வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் ஜவுபர், அவருடைய ஃபோன்தான் முதலில் சேர்ந்துகொள்ளும். மண்டபத்து வெளிச்சம் கூடினது, குறைந்தது, நீலமானது, ஒன்பது மணிக்கு நூர்ந்தது எல்லாம் பின்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்த ஜவுபரின் விரலால்தான். வயலை விற்றுப்போட்டு மதகுச் சாவியை மட்டும் மடியில் முடிந்து வைத்திருக்கிற மனிதனைப் போல இருந்தார்.

மிஹ்லார் தன் ஃபோனில் அந்தச் செயலியை இறக்கிப் பார்த்தான். சேரவில்லை. "மாமா, லைட் தானா மாறுது, ஃபோனுக்குப் புடிக்குதுமில்ல. என்னவாயிருக்கும்?"

"அது அப்பிடித்தான் மகன்," என்றார் ஜவுபர். வாய் கூசவேயில்லை. நதீராவிடம் மட்டும் தினமும் புலம்பல். கண்ணாடியை ஒழுங்காகத் துடைக்கிறார்களில்லை, தண்ணீர் மாற்றுகிறார்களில்லை, தன்னுடைய தொட்டி, தன்னுடைய மீன். நதீரா கேட்டுக்கொண்டு உடுப்பு மடிப்பாள்.

ஒரு சனிக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மிஹ்லாரின் உம்மா தன் தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு காட்டத்தான். மண்டபத்துக் குரல்கள் பின்னறைக்குத் தெளிவாகக் கேட்டன.

"மகன், அண்டைக்குப் பார்த்தமே ஒரு வெள்ளை நீலம், அதைப் போடுங்க. இவங்களும் பார்க்கட்டும்."

ஜவுபர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். ஃபோன் கையில்தான் இருந்தது. நிறங்கள் திரையில் வட்டமாய் நின்றன. மிஹ்லார் எதையோ அமுக்கிப் பார்ப்பதும், கொஞ்சம் பொறுங்க உம்மா என்பதும், மறுபடி அமுக்குவதும் கேட்டது. ஒரு விரல் பட்டால் போதும். ஜவுபர் விரலை அசைக்கவில்லை. கேட்கட்டும், வந்து தன்னைக் கேட்கட்டும் என்றிருந்தார்.

"சரி உடுங்க," என்றார் மிஹ்லாரின் உம்மா. "எங்களுக்கு ஊடு காட்டின அண்டைக்குப் பத்தினாப் போதும்தானே."

தங்கச்சிமார் சிரித்தார்கள். அம்ஹாவும் அங்கேதான் இருந்தாள். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நதீராவுக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கும். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, பேசி, அனுப்பிவிட்டுத்தான் அவள் பின்னறைக்கு வந்தாள். ஃபோன் இன்னும் ஜவுபரின் கையில் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மகளுட மூஞ்சியைப் போய்ப் பாருங்க," என்றாள். "உங்களுக்கு ஆறுதலா இரிக்கும்."

"என்ட தொட்டி நதீரா. நான் ஆசையாச் செஞ்ச ஒரே சாமான்."

நதீரா கட்டில் விளிம்பில் இருந்தாள். கோபமாகக் கத்துவாள் என்று பார்த்தார். அவள் கத்தவில்லை.

"நான் இந்த ஊட்டிலதான் பொறந்தன். இஞ்சதான் புள்ள பெத்தன். கடல் வந்து அள்ளிக்கிட்டுப் போன பொறகு இதே இடத்தில கல்லுக் கல்லாக் கட்டினம். இப்ப விடிய எழும்பினா கால் முன்கதவத் திறக்கத்தான் போகுது. பாதியில நிண்டு யோசிச்சுப்போட்டுத் திரும்பி வாறன். மஃரிபுக்குப் பொறகு விறாந்தையில இருந்து றோட்டப் பார்க்காம நான் ஒரு நாள் இருந்தனா? இப்ப புள்ளையள் இரிக்கிற இடமெண்டு அங்க போகாம மூணு மாசம். ஒராளுட்டச் சொன்னனா? ஊட்டையே குடுத்துட்டு நான் சும்மா இரிக்கன். நீங்க தொட்டிக்கு அழுறீங்க."

இத்தனை வருஷமும் இந்த வீட்டில் இடமில்லாத ஆள் தான் ஒருவர் மட்டுமே என்று ஜவுபர் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுக்கிறவள் மூன்று மாதமாய் அதே வீட்டில் விருந்தாளியாகத் திரிந்திருக்கிறாள். அவர் அதைக் காணவில்லை. மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. பொல்லாத வெட்கம்.

எழும்பி மண்டபத்துக்குப் போனார். வாசலில் இருமினார். மிஹ்லார் எழும்பி நின்றான்.

"மகன், ஃபோனை எடுங்க," என்றார். தன் ஃபோனிலிருந்து வெளிச்சத்தை விடுவித்தார். "இப்ப சேர்த்துப் பாருங்க. இவ்வளவு நாளும் நான்தான் புடிச்சு வெச்சிருந்தன். மன்னிச்சுக்கங்க. டிஸ்கோ மட்டும் போடாதீங்க, மீனெல்லாம் பயந்துருவாங்க. மத்ததெல்லாம் உங்கட இஷ்டம்."

மிஹ்லார் ஃபோனை அமுக்கினான். தொட்டி சிவப்பாகியது. ஜவுபருக்குச் சிவப்புப் பிடிக்காது. நல்லா இரிக்கி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். அதைக் கேட்ட மிஹ்லாருக்கு முகம் சுருங்கியது.

"என்ன மாமா இது, இதெல்லாம் கேக்கிறதா? மாமிட ஊடுதானே இது!"

அந்தச் சொல் ஜவுபருக்கு நல்ல பழக்கம். கலியாணம் முடித்த புதிதில் மாமியாரும் வாய் நிறைய இதைத்தான் சொன்னார்: உங்கட ஊடுதானே தம்பி. அப்படிச் சொல்லும் வீட்டில் எப்படிக் கேட்க வேண்டும், எந்த நேரம் கேட்க வேண்டும், கேட்டது தெரியாமல் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நதீராவுக்கு அது தெரியாது. அவளுக்கு அது தேவைப்படவேயில்லை.

பின்னறைக்கு வந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்தார்.

"வா, விறாந்தையில கொஞ்சம் இரிப்பம்."

"புள்ளையள் என்ன நினைக்கும்?"

"கேட்டுட்டன். ஓமெண்டுட்டார்."

நதீரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்ட விறாந்தையில நான் இரிக்கவா கேட்டீங்க?" என்று தொடங்கினவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீடு எழுதின அன்றும் அவள் அழவில்லை, பின்னறைக்கு மாறின இரவிலும் அழவில்லை. ஜவுபர் கதிரைகளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்து எழும்பினாள்.

"நீங்க முன்னுக்குப் போங்க," என்றாள். "நான் உங்களுக்குப் பின்னால வாறன்."