கேட்வால்வு சொன்ன குறைகள்

எனக்கு அவன் சின்னம்மா மகன். நான்தான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தேன் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய், சுமந்தது என் தங்கை. நான் பக்கத்தில் நடந்து போனவள். குழாய் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போன நாளிலிருந்து அவன் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துவிட்டது. எங்கள் வீடுகளில் செக்கிங் என்றால் அவன்தான்.

குறை பார்ப்பது அந்த வீட்டு ரத்தம். அவன் அப்பா புதுச் சட்டை வாங்கினால் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்த பிறகுதான் கையை நுழைப்பார். அவருடைய அக்கா ஒருத்தி, பெரியத்தை என்போம், எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் உட்காருவாள். "ஆடுதே" என்பாள். ஆடாவிட்டால், "இப்போதைக்கு ஆடலை" என்பாள். இவனுக்கோ அதுவே பிழைப்பும் ஆகிவிட்டது. வருகிற குழாயைப் பொருத்தித் தண்ணீரைத் திறப்பது, மூடுவது, சொட்டுகிறதா என்று பார்ப்பது, முலாமைக் கட்டைவிரலால் தடவுவது. நல்லதென்றால் பேக்கிங்குக்கு. கெட்டதென்றால் சிவப்புச் சாக்கட்டியில் ஒரு பெருக்கல் குறி.

வீட்டில் பேச்சு கிடையாது. மனைவியே, "உங்ககூடப் பேசறதுக்குச் சுவரோட பேசலாம், அதுவாவது எதிரொலிக்கும்" என்பாள். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கிற பெண். அவளிடம் இவன் பேசியதெல்லாம் "சாப்டியாம்மா", "கதவைச் சாத்திக்கோ" அவ்வளவுதான். காபியில் சர்க்கரை குறைந்தால் மட்டும் வாய் திறக்கும். "கண்ணுல பட்டுச்சு, சொல்லிட்டேன்" என்பான், நாக்கில் பட்டதற்கும்.

அந்தப் பெண் வருவதற்கு முன்பே அவனுக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. கம்பெனி கேன்டீனில் பேக்கிங் பையன்கள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதில் சுருட்டைமுடி என்று ஒருத்தன் ஒருநாள் போனை இவனிடம் நீட்டினான்.

"அண்ணே, வயசுல நீங்க வீடியோ கேம் கடையே கதின்னு கிடந்தீங்களாமே. இதைப் பாருங்க, வயிறு வலிக்கும்."

நெட்டில் வாரம் ஒரு பக்கம் வருகிற படக்கதை அது. பெயர் 'மறுபடியும் முதல்ல இருந்து'. வீடியோ கேமையெல்லாம் நையாண்டி பண்ணுகிற கதை. வாள்காரன் என்று ஒரு வீரன். ஊரை அழிக்க ராட்சசன் வருகிறான் என்று ஊரே அலறும். இவனோ யாருக்கோ தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டிருப்பான். கண்ட வீட்டில் புகுந்து பானைகளை உடைத்து உள்ளே இருக்கும் காசைப் பொறுக்குவான். வீட்டுக்காரி, "ஏம்பா, கேட்டா நானே தரமாட்டேனா, பானை என்ன பாவம் பண்ணுச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். செத்துச் செத்துப் பிழைத்து வருவான். அவன் பெண்டாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னைக்கு எதுல விழுந்தே" என்பாள். எனக்கு வீடியோ கேமும் தெரியாது, நெட்டும் தெரியாது. இவன் சொல்லக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

வரைகிறவர் பேர் போடுவதில்லை. ஆம்பளை என்றே எல்லாரும் நினைத்தார்கள். படத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் கமெண்ட் எழுதலாம். ஒரு வாரம் வாள்காரனின் வாள் ஒரு கட்டத்தில் வலது கையிலும் அடுத்ததில் இடது கையிலும் இருந்தது. செக்கிங்குக்குக் கை அரிப்பு தாங்கவில்லை. தண்ணீர்க் குழாயில் திருகி அடைக்கிற கேட்வால்வின் பெயரையே வைத்துக்கொண்டு எழுதினான்: "தம்பி, சண்டைக்கு நடுவுல வாள் கை மாறிடுச்சு. ராட்சசன் கவனிக்கலை, நான் கவனிச்சேன். கண்ணுல பட்டுச்சு, சொல்லிட்டேன்."

அதற்கு லைக் குவிந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் எழுந்து போகிறவர்களைப் பார்த்தே பழகியவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு எந்த வாரமும் விடவில்லை. குதிரைக்கு ஒரு கால் குறைகிறது, நிழல் தப்புப் பக்கம் விழுகிறது, செத்தவன் பின்னால் நிற்கிறான். ஜனங்கள் அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். "வால்வு சார் இன்னும் வரலையே, படத்தைவிட அவர் கமெண்ட்தான் டாப்பு" என்று எழுதுவார்கள். சுருட்டைமுடி அதைச் சத்தமாக வாசிப்பான். யார் அந்த வால்வு என்று அவனுக்குத் தெரியாது. செக்கிங் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும் என்று அவனே என்னிடம் சொன்னான்.

லைக் வரவரக் குறையில் காரம் ஏறியது. காரம் ஏற ஏற லைக்கும் ஏறியது.

இப்படிப் பல வருஷம் போன பிறகு, படம் தடுமாற ஆரம்பித்தது. கோடு நடுங்கியது. முகங்கள் கோணின. ஒரு மதியம் இவன் எழுதினான்: "தம்பிக்குக் கை போச்சு. இந்தக் கையை வெச்சுக்கிட்டுப் பல்லு விளக்கறதே கஷ்டம். மூட்டையைக் கட்டிட்டு வேற பொழைப்பைப் பாக்கலாம்." அவன் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிக லைக். வாராவாரம் ஆளாளுக்கு "கை போச்சு" என்று போட ஆரம்பித்தார்கள். படம் நன்றாக இருந்த வாரத்திலும் போட்டார்கள். ஒருத்தன் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினான்.

சில மாதம் கழித்து ஒரு வாரம், வாள்காரன் வீட்டு அடுப்படி படத்தில் வந்தது. பெண்டாட்டி பாத்திரம் கழுவுகிறாள். குழாயின் கைப்பிடி நீலப்புள்ளிப் பக்கம் திரும்பியிருக்கிறது, தண்ணீரிலிருந்து ஆவி பறக்கிறது. கேன்டீனில் உட்கார்ந்து பார்த்த செக்கிங்குக்குச் சிரிப்பு வந்தது. குழாயிலேயே தப்புப் பண்ணிட்டியே தம்பி, யார்கிட்ட! நீலம் பச்சைத்தண்ணி, சிவப்பு சுடுதண்ணி, பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே. எழுத வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

நீலத்தில் சுடுதண்ணீர் வருகிற குழாய் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். கம்பெனியில் புள்ளி மாறிப்போய், அவனே பெருக்கல் குறி போட்டுத் தள்ளின உருப்படி. வீணாகப் போகிறதே என்று கொண்டு வந்து தன் வீட்டு அடுப்படியில் மாட்டினான். வருகிறவர்கள் எல்லாம் அதில் கையைச் சுட்டுக்கொள்வார்கள். படத்தை விரலால் பெரிதாக்கினான். ஜன்னல் கண்ணாடியின் மூலையில் விரிசல். கரண்டி மாட்டுகிற ஆணிகளில் நடுவில் ஒன்று காணோம். அவன் மனைவி கைப்பிடித் துணியைச் செருகிவைக்கிற இடத்தில் துணி.

படத்துக்கு அடியில் ஒரு வரி இருந்தது. 'அடுத்த வாரத்தோடு கதை முடிகிறது. இத்தனை வருஷம் படித்தவர்களுக்கு நன்றி.'

"என்னண்ணே, முகத்துல ஈயாடலை" என்றான் சுருட்டைமுடி. செக்கிங் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அன்று மீதி நேரம் எத்தனை கெட்ட குழாயை நல்லது என்று அனுப்பினானோ, அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். மருமகள் அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். இவன் வாசற்படியிலேயே நின்றான்.

"உன் கை இப்போ எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல மாமா."

"அந்தப் படக்கதை..." என்றான்.

அவள் குழாயை மூடினாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"குழாய். நீலத்துல ஆவி வருது."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட, ஆமா. பழகிப்போச்சு மாமா, எல்லார் வீட்டுலயும் இப்படித்தான்னு நினைச்சு வரைஞ்சுட்டேன்."

"உன் தப்பு இல்லம்மா, என் குழாய் தப்பு. உனக்கு... அங்கே எழுதறது யாருன்னு..."

"கேட்வால்வுதானே? வந்த மறுவருஷமே தெரியும். வேற யாரு மாமா அப்படிப் பேரு வெச்சுக்குவாங்க? காபிக்குச் சொல்ற அதே வார்த்தையைத்தான் அங்கயும் சொல்றீங்க."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"முதல்ல அவருதான் சொல்லாதேன்னாரு. 'அப்பாவுக்கு நீ வரையறது தெரிஞ்சா குறை சொல்லியே கொன்னுடுவாரு'ன்னு." மகனுக்கு அவள் வரைவது தெரியும், அப்பா கமெண்ட் எழுதுவது தெரியாது. "அப்புறம் எனக்கே சொல்ல மனசு வரலை. சொன்னா நிறுத்திடுவீங்க. வீட்டுல என்கிட்ட நாலு வார்த்தை பேசமாட்டீங்க, அங்கே பக்கம் பக்கமா பேசுவீங்க. தம்பி தம்பின்னு கூப்பிடுவீங்க. படத்தைப் போட்டதும் உங்களுதைத்தான் முதல்ல தேடுவேன். நீங்க சொன்னதெல்லாம் அனேகமா சரியாத்தான் இருக்கும்."

"அந்தக் கை விஷயம்..."

அவள் மணிக்கட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. இவன் 'கை போச்சு' என்று எழுதியது, மணிக்கட்டு வீங்கி ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் அவள் கிடந்த நாட்களில். வலியோடு வரைந்திருக்கிறாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் நீங்கதான் மாமா கையில போடற பட்டி வாங்கிட்டு வந்தீங்க. பாத்திரத்தைத் தொடாதேம்மா, அத்தை பாத்துப்பான்னீங்க. மதியம் அதை எழுதிட்டுச் சாயங்காலம் இதைச் சொல்றீங்க. நீங்க என்ன ரெண்டு பேரா?"

"நான் வேற யாரோன்னு நினைச்சேம்மா. யாரோ ஒரு தம்பின்னு."

"தெரியும் மாமா. அந்தத் தம்பிக்குக் கை வலிக்காதா?"

இதைச் சொல்லும்போது அவள் குரலை உயர்த்தவில்லையாம். உயர்த்தியிருந்தால் பிழைத்திருப்பேன் அக்கா என்றான் என்னிடம்.

"கதையை நிறுத்தாதேம்மா."

"கை சரியாயிடுச்சு மாமா. வரைய உக்காந்தா கீழ என்ன எழுதுவாங்கன்னுதான் ஓடுது. சிரிப்பு வரமாட்டேங்குது. சிரிப்பு வராம எப்படிக் கேலி பண்றது?"

"நான் யாருன்னு சொல்லி எல்லாருக்கும் தெரியற மாதிரி மன்னிப்பு எழுதறேன்."

"அய்யோ வேணாம், நான் யாருன்னு தெரிஞ்சுடும். எழுதினது நீங்கதான்னு அவருக்கும் தெரிஞ்சு, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இருக்கற பேச்சும் போயிடும்."

அதற்குள் மாமியார் எட்டிப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? மழை கிழை வரப்போகுதா?"

"குழாய் லூசா இருக்கு" என்றான் செக்கிங்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் கமெண்டை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். கை விஷயத்தைத்தான் முதலில் அழித்தான். வாசகர்கள் கவனித்துவிட்டார்கள். வால்வு சார் எழுதினதைக் காணோம், வரைகிறவன்தான் அழித்துவிட்டான் என்று கிளம்பினார்கள். "நாலு உண்மை சொன்னா தாங்க முடியலையா தம்பி?" "போகும்போதாவது கௌரவமா போ." கண்டபடி வசவு. செய்கிற பரிகாரமும் அவள் தலையிலேயே விடிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்த்தபடி, "அழிக்காதீங்க மாமா" என்றாள்.

"எதை அழிக்கறாரு?" என்றான் மகன்.

"போன்ல பழைய மெசேஜ். இடம் அடைக்குதாம்."

தனக்காக அவள் பொய் சொன்னதும் செக்கிங் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான்.

கடைசிப் பக்கம் வந்தது. வாள்காரன் ஒருவழியாக ராட்சசன் அரண்மனைக்குப் போய்ச் சேருகிறான். இவனுக்காகக் காத்திருந்து ராட்சசன் கிழவனாகி, மூக்குக்கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறான். "வர இவ்வளவு நேரமா? கால் வலிக்குமே, உட்காரு" என்கிறான். அவ்வளவுதான், சண்டையே இல்லை. கீழே ஜனங்கள் அழுதார்கள். பள்ளிக்கூடம் போகும்போது படிக்க ஆரம்பித்தேன், இப்போது என் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதுதான் துணை என்றாள் ஒருத்தி. நடுநடுவே எல்லாரும் கேட்டது ஒன்று: வால்வு சார், கடைசியாக ஒரு குறை சொல்லிவிட்டுப் போங்கள்.

செக்கிங் மருமகளிடம் போய் நின்றான். "கேக்கறாங்கம்மா."

"பாத்தேன். பேசாம இருந்தா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க. ஏதாவது எழுதிடுங்க மாமா."

அவள் யார் என்று காட்டிக்கொடுக்காமல் எழுதினான். "கையில எந்தக் குறையும் இல்ல. பார்த்த கண்ணுலதான் குறை. வலி தெரியாம பேசிட்டேன். மன்னிச்சுக்கணும்." எழுதும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்ததாம்.

சிரிக்கிற பொம்மை முகங்கள் வந்து விழுந்தன. ஆயிரக்கணக்கில். "வால்வே லீக் ஆகுது." "கடைசி வரைக்கும் நக்கலு போகலை பாரு." "யோவ், நடிப்பு சூப்பரு." சுருட்டைமுடி அதைக் கேன்டீனில் அழுகிற குரலில் வாசித்துக் காட்ட, மேஜையே குலுங்கியது.

"அவங்களைச் சொல்லி என்னக்கா?" என்றான் என்னிடம். "என்னைப் பார்த்துச் சிரிக்க நான்தானே பழக்கினேன்."

கம்பெனியில் தானாகவே கேட்டுச் செக்கிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாறிக்கொண்டான். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் இவருக்கு என்ன கிறுக்கு என்று மேனேஜர் சிரித்தாராம். மருமகள் மாறவில்லை. அதே மாமா, அதே காபி. ஒருதரம் துணிந்து, "மறுபடி வரையலாமேம்மா" என்றான். "பாக்கலாம் மாமா" என்றாள், வாசலில் சாமான் விற்க வந்தவனிடம் சொல்வதுபோல.

போன மாதம் அவள் படம் போட்ட பாடப்புத்தகம் அச்சாகி வந்தது. செக்கிங் அதை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். நிஜமாகவே நன்றாக இருந்தது. இந்தத் தடவை வாயைத் திறந்தான்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து இவன் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனபோது, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மாமா கண்ணில் பட்டு, சொல்லாமல் விட்ட குறை எது என்று.