கேட்காத தார்ப்பாய்

பூதலூர்ப் பக்கம் மதிவாணனைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பா விட்டுப்போன நஞ்சையைச் சிதறவிடாமல் காப்பாற்றியவர். மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்ப, இவர் இங்கே போர்வெல் போட்டார், டிராக்டர் வாங்கினார், பக்கத்து வயல்களையும் சேர்த்துக்கொண்டார். யாரையும் ஏமாற்றியதில்லை. கூலியை அன்றன்றே கொடுத்துவிடுவார்.

போன வருஷம் குறுவை நன்றாக விளைந்தது. புரட்டாசியில் கொள்முதல் நிலையத்துக் களம் இடம் கொள்ளாமல் நெல் குவிந்து கிடந்தது. மதிவாணனின் குவியலுக்குப் பக்கத்தில் செம்மொழியின் நெல். புருஷனை இழந்தவள்; ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, தானே இறங்கி நட்டு, தானே களை பறித்தவள். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் மதிவாணன் வீட்டு வயலில் வேலை பார்த்தவர்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மதிவாணனின் ஆட்கள் தார்ப்பாயை இரட்டையாகப் போர்த்திக் கயிறு கட்டினார்கள். செம்மொழியிடம் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் நெல் தெரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய சேலைகளைக் கொண்டுவந்து மிச்சத்தின் மேல் விரித்தாள்.

மதிவாணன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருடைய டிராக்டர் பெட்டியில் மடிப்புக் கலையாத தார்ப்பாய்கள் இன்னும் கிடந்தன. ‘எடுத்துக்கம்மா’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவளுக்குக் கொடுத்தால் அந்தப் பக்கம் நெல் போட்டிருக்கும் தங்கையன் கேட்பான், அப்புறம் களமே கேட்கும். தவிர, அவள்தான் கேட்கவில்லையே. காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த சில நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. வெயில் கண்டதும் களத்துக்குப் போனார். செம்மொழியின் நெல்லில் முளை கிளம்பியிருந்தது. புளித்த வாடை வீசியது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? தார்ப்பாய் பெட்டியில சும்மாதானே கிடந்துச்சு.”

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. செம்மொழி நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

“நான் சேலையை விரிச்சப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்கண்ணே.”

வீட்டில் மனைவி அனுராதாவிடம் சொன்னார்.

“ஊர்ல நனையுற நெல்லுக்கெல்லாம் நாமளா பொறுப்பு?” என்றாள் அவள். “மழையை நீங்களா கொண்டாந்தீங்க?”

“பொறுப்பு இல்லேன்னா எனக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?”

அனுராதா ரசத்தை ஊற்றினாள்.

தாளடி விதைப்புக்கு ஆகட்டும் என்று நல்ல நெல்லாகப் பார்த்து இரண்டு மூட்டை அனுப்பினார். செம்மொழி திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதற்குள் குத்தகையை விட்டுவிட்டாள். அந்த நெல்லை அவித்து அரைத்துச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டாள். தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்தக் குறுவைக்கு மதிவாணன் தார்ப்பாய்களைக் களத்திலேயே போட்டு வைத்தார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. “உங்க புண்ணியம்ணே” என்றான் தங்கையன். அவருக்கு அது சுருக்கென்றது.

காலையில் வயலுக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் செம்மொழி நிற்பாள். “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்று சிரித்த முகமாகத்தான் விசாரிப்பாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவர் வேகமாகக் கடந்துவிடுவார்.