ஹனாதி ஆய்வகத்தை விட்டு வெளியேறவில்லை

ஹனாதி விழுந்தபோது அவளுக்கு எதிரே நின்றிருந்தவள் நான். இர்பித் நகரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தோம், இரண்டாம் ஆண்டு. செய்முறை வகுப்பில் இருவருக்கும் ஒரே மேசை. குடுவையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. கண்கள் மேலே செருகின, அப்படியே சாய்ந்தாள். குடுவை உருண்டு கீழே விழுந்து உடைந்தது.

என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்தி முகத்தில் தண்ணீரைக் கொட்டினாள். ஒருவன் மூக்கில் கொலோன் வாசனைத் திரவப் புட்டியைப் பிடித்தான். ஃபாதி என்பவன் இரும்புக் கரண்டியைப் பல்லிடுக்கில் திணித்ததில் அவளுடைய முன்பல் ஓரம் பெயர்ந்தது. வலிப்பு தானாகத்தான் நின்றது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள். பிறகு நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

"எவன்டா என் வாய்ல கரண்டிய வச்சது?"

ஃபாதி கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருக்கும். தேர்வுக் காலத்தில் தூக்கம் கெட்டால் எப்போதாவது தலைகாட்டும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் அவள் அம்மா உம் கைஸ் கட்டிக் காத்து வந்த விஷயம் அது. அன்று வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டது.

மறுவாரம் துறைத் தலைவர் டாக்டர் நவ்வாஃப் அவளைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. மரமியா இலை போட்ட தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"இனிமே நீ லேபுக்கு வர வேண்டாம்மா. பாதுகாப்பு விதி அப்படி. தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கிற மாணவர வெளிய வைக்க எனக்கு அதிகாரம் இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"லேப் இல்லாம பட்டம் குடுப்பீங்களா டாக்டர்?"

"அது முடியாது. வேற துறைக்கு மாறிக்கோ. நூலகத் துறை இருக்கு, வரலாறு இருக்கு. பொண்ணுங்களுக்கு ஏத்த படிப்பு."

"உடம்புக்கு முடியாதவங்களுக்குத் தகுந்த ஏற்பாடு செஞ்சு தரணும்னு அதே விதியில இருக்கே. அது யாருக்கு?"

"அதுக்கு மருத்துவர் சான்றிதழோட மனு போடணும். குழு உக்காந்து பேசும். உன் வியாதி நாலு பேருக்குத் தெரியும். உங்க அம்மா அதுக்குச் சம்மதிப்பாங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவளை மடக்கிவிட்டதாக அவர் நினைத்திருப்பார். தேநீரைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

உம் கைஸ் சம்மதிக்கவில்லை. ஹனாதியின் தங்கை ருபாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம். சம்மதத்தின் அடையாளமாக மாப்பிள்ளை வீட்டார் காபியை மறுக்காமல் குடித்திருந்தார்கள். பெரியவர்கள் திரண்டு வந்து பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது உம் கைஸ் மக்லூபா சோற்றுக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"நீயாவது சொல்லு மைசூன். அக்காவுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா தங்கச்சிய யாரு கட்டுவா? ஒரு வருஷம் சும்மா இருடின்னா கேக்க மாட்டேங்கிறா."

"ஒரு வருஷம் கழிச்சு ருபாவுக்குக் குழந்தை பொறக்கும். அப்ப அந்தக் குழந்தைக்காகச் சும்மா இருன்னு சொல்லுவ," என்றாள் ஹனாதி. "நான் எனக்காக எப்பதாம்மா இருக்கிறது?"

"வாய், வாய். உன் அப்பன் வாய் அப்படியே வந்திருக்கு."

அவள் மனுப் போட்டாள். குழு கூடவில்லை. வாரங்கள் போயின. செய்முறை வகுப்பு நடக்கும்போது நூலகத்தில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வகுப்புகளுக்கு உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாவது வகுப்பன்று வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நேரே ஆய்வகத்துக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

ஆய்வகப் பொறுப்பாளர் வெளியே போகச் சொன்னார். அவள் நகரவில்லை. அவர் எரிவாயுக் குழாயை மொத்தமாக மூடினார். எல்லா அடுப்பும் அணைந்தன.

"இவ போற வரைக்கும் யாருக்கும் வேலை கிடையாது," என்றார்.

வகுப்பு அவள் மேல் பாய்ந்தது. "உன்னால எங்க மார்க் போகணுமா?" என்றாள் ஒருத்தி. "பிடிவாதத்துக்கும் மாத்திரை இருந்தா போட்டுட்டு வா," என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவளை வெளியே கூட்டிப் போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

"எல்லாரும் சும்மாதான நிக்கிறீங்க? கேட்டுக்கோங்க," என்றாள். "எனக்குக் காக்கா வலிப்பு. அன்னைக்குப் பாத்தீங்க. மறுபடியும் வரலாம். வந்தா பக்கத்துல இருக்கிற கண்ணாடிய, நெருப்ப நகர்த்துங்க. என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கு ஏதாவது மெத்துனு வைங்க. அமுக்கிப் பிடிக்காதீங்க. வாய்ல எதையும் வைக்காதீங்க. கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. அவ்வளவுதான். இதுக்குப் பெரிய படிப்பு வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. பொறுப்பாளர் மட்டும், "ஆச்சா? இப்ப கிளம்பு," என்றார். அவள் வகுப்பு முடியும்வரை அந்த அணைந்த அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போனாள்.

உத்தரவை மீறியதற்காக ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. ஏற்பாடு கேட்ட மனுவுக்குக் கூடாத குழு, இதற்கு உடனே கூடியது. மூன்று பேராசிரியர்கள், நடுவில் டாக்டர் நவ்வாஃப். நான் சாட்சி.

"மன்னிப்பு எழுதிக் குடு. இதோட விட்டுடறோம்," என்றார் அவர்.

"மாட்டேன் டாக்டர்."

"கையில ஆசிட் இருக்கும்போது வலிப்பு வந்தா என்ன செய்வ?"

"அதனாலதான் ஆசிட் ஊத்துற வேலைய மைசூனுக்கு விடுங்கன்னு மனுவில கேட்டிருக்கேன். நான் உக்காந்து வேலை பாக்க மேசை கேட்டிருக்கேன். லேப்ல தனியா இருக்க மாட்டேன்னு நானே எழுதியிருக்கேன். மாத்திரை போட்டா கை மெதுவாகும், அதனால தேர்வுல கொஞ்சம் கூட நேரம் கேட்டிருக்கேன். நீங்க இன்னும் அதைப் படிக்கல."

"இத்தனை சலுகை..."

"சலுகை இல்ல டாக்டர், ஏற்பாடு. ஒண்ணு கேக்கட்டுமா? போன வருஷம் ஃபாதி அடுப்பு முன்னாடி போன்ல படம் புடிச்சு விளையாடி கையச் சுட்டுக்கிட்டான். அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

ஓரத்தில் இருந்த பெண் பேராசிரியர், "எச்சரிக்கை," என்றார்.

"அவன் தப்பு செஞ்சான், எச்சரிச்சு உள்ள விட்டீங்க. நான் விழுந்தேன், என்னை வெளிய தள்ளினீங்க. விழுறது எப்பலேர்ந்து ஒழுங்கீனம்?"

என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அவளோடு ஒரே மேசையில் வேலை செய்யப் பயமாக இல்லையா? அவளைவிட ஃபாதிக்குத்தான் பயப்படுகிறேன் என்றேன். அந்தப் பெண் பேராசிரியர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

தீர்ப்பு பாதி கசப்பு. கீழ்ப்படியாமைக்காக எச்சரிக்கை, அது அவள் பெயரில் பதிவாகும். கேட்ட ஏற்பாடுகளுக்கு அனுமதி. ஆனால் ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் வீட்டுப் பெண் ஒருவர் கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதை யாராவது உம் கைஸிடம் சொல்ல வேண்டுமே. நான்தான் சொன்னேன். அதற்குள் ருபாவின் சம்பந்தம் ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். ருபா அக்காவிடம் பேசுவதில்லை. உம் கைஸ் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குக் கிளம்பினார்.

டாக்டர் நவ்வாஃப் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். உம் கைஸ் உட்காரவில்லை.

"என் வீட்ல, என் கண்ணு முன்னாடியே எத்தனையோ தடவை விழுந்திருக்கா. என்னால தடுக்க முடிஞ்சுதா? நான் இங்க வந்து உக்காந்தா வலிப்பு மரியாதைக்குப் பயந்து ஓடிடுமா? உங்க பசங்க பன்னெண்டு பேரு நிக்கிறாங்க. அவ சொல்லிக் குடுத்திருக்கா. அவங்க போதும். இத்தனை வருஷம் அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு ஊருக்குச் சொன்னவ நான். இனிமே எதுக்கும் பொய் சொல்ல மாட்டேன். காவலுக்கும் வர மாட்டேன்."

"உம் கைஸ், கொஞ்சம் உக்காருங்க..."

"உக்காந்தா வீட்டுல சோறு ஆகாது."

அந்த நிபந்தனை எழுத்தில் நீக்கப்படவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. அடுத்த வகுப்பில் எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி கிடந்தது. ஹனாதி அதில் உட்கார்ந்தாள்.

கடைசி ஆண்டில் ஒருமுறை மறுபடி விழுந்தாள். அடுப்பை அணைத்தது நான். இரண்டு பேர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். யாரோ அங்கியை மடித்துத் தலைக்குக் கொடுத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது ஃபாதி. வலிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்து மேசையைப் பார்த்தாள்.

"என் அடுப்ப ஏன்டி அணைச்ச? கொதிக்கிற நேரம்."

அன்றைய செய்முறையை மறுநாள் செய்தாள்.

விட்டுப்போன செய்முறைகளையும் முடித்து ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். இப்போது குடிநீரைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அங்கிருந்தவர்களை நிற்க வைத்து எங்களுக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டாளாம். ருபாவுக்குப் பின்னால் வேறு இடத்தில் திருமணம் ஆனது. அக்காவும் தங்கையும் இப்போது பேசுகிறார்கள், முன்போல இல்லை. அதைப் பற்றி ஹனாதியிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது. உடற்குறை உள்ள மாணவர்களுக்கு எங்கள் கதவு திறந்திருக்கிறது என்று ஒரு சிறு வெளியீடு போடுகிறார்கள்; முகப்பில் அவளுடைய படம் வேண்டும். என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நானும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினாள்.

"என் பேர்ல ஒரு எச்சரிக்கை இருக்கு. அத எடுத்துட்டீங்களா?" என்றாள்.

அது வேறு அலுவலகம் என்றான் தொலைபேசியில் பேசிய பையன்.

"அப்ப அந்த அலுவலகத்தயே போட்டோ எடுத்துப் போடுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என் தட்டிலிருந்த கடைசி ஃபலாஃபல் வடையை எடுத்துக்கொண்டாள்.