மொட்டை போடப் போன குழந்தை

சித்தூர் நீதிமன்ற அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, மனைவியை அடித்த வழக்குகள் ஒரு அலமாரியிலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன தகப்பன்களின் வழக்குகள் இன்னொரு அலமாரியிலும் இருந்தன. வேறு சட்டம், வேறு எண், வேறு கட்டு. அந்தக் கட்டுகளை இறுக்கிக் கட்டியவள் நான்தான். இரண்டிலும் ஒரே ஆளின் பெயர் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இவனுக்கு வேறு வேலையே இல்லையா என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குப் புரிவதற்கு, நான் ஓய்வு பெற்று, என் தம்பி மகள் காதில் பஞ்சோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அவள் நகரியில் பிறந்தவள். தம்பி அங்கே பவர்லூம் ஓட்டுகிறான். அவளைத் திருப்பதியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. அன்று அவள் இடுப்பில் மூன்று வயது நிரம்பாத பெண் குழந்தை இருந்தது. அவன் அறைந்ததில் காதுச் சவ்வு கிழிந்திருந்தது.

"எத்தினி நாளா இது?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்தை. காதுல மட்டும் இதான் முதல் தடவை."

நான் அழவில்லை. ஆட்டோ பிடித்தேன். அரசு மருத்துவமனையில் காயச் சான்று, காவல் நிலையத்தில் புகார், அதற்கு ரசீது, பாதுகாப்பு அலுவலரிடம் அறிக்கை, நீதிமன்றத்தில் மனு. நான்கே நாளில் நான் தயாரித்த கோப்பைப் பார்த்தால் கண்ணாடி போட்டு மாட்டத் தோன்றும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. குழந்தையை யாரும் அடிக்கவில்லையே.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து ஆள் வந்தது. குழந்தை பிறந்தபோது திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்களாம். மூன்று வயது முடிவதற்குள் போட்டாக வேண்டும். முதல் முடியைத் தகப்பன்தான் முன்நின்று இறக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தாயும் வரலாமாம். அவன் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றாள் இவள்.

தம்பி போனில் என்னிடம் மன்றாடினான். "பெருமாளுக்குச் சொன்னதை எப்படிக்கா இல்லன்றது? அந்த ஆளுக்கா பண்றோம்? சாமிக்குப் பண்றோம்."

"அவரு திருப்பிக் குடுக்க மாட்டாரு அத்தை," என்றாள் அவள்.

நான் சிரித்தேன். "எழுதி வாங்கிடறேன், பாரு."

முத்திரைத்தாளில் எழுதினேன். தாயின் சம்மதத்துடன் குழந்தையை அழைத்துச் செல்வதாகவும், அன்று மாலை ஆறு மணிக்குத் திருப்பி ஒப்படைப்பதாகவும் வாசகம். இரண்டு சாட்சிகள். அவன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேனாவை வாங்கி மூடிக்கொண்டேன்.

ஆறு மணி ஆனது. எட்டும் ஆனது. அவன் போன் அணைந்திருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் திருப்பதி வீடு பூட்டிக் கிடந்தது. தொழிற்சாலையில் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். மதியம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது: கேஸை வாபஸ் வாங்கிவிட்டு வீட்டுக்கு வா, பாப்பாவைப் பார்க்கலாம்.

அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "என்னை அடிக்கத்தான் பாப்பாவை எடுத்துக்கினு போயிருக்காரு அத்தை. இங்க கை எட்டல இல்ல, அதான்."

இத்தனை வருட அலமாரிகளை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் என் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தார். "மேடம், மீரே ராசி இச்சாரு கதா," என்றார். நீங்களேதானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று. தாய் சம்மதித்துக் கொடுத்திருக்கிறாள், வாங்கியவன் தகப்பன், இதில் கடத்தல் எங்கே வந்தது என்று கேட்டார். தப்பாகப் பேசியிருந்தால் மேலதிகாரிக்கு எழுதியிருப்பேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவன் தங்கை வீட்டுக்கு மட்டும் போன் போட்டுக் கேட்டார். இங்கே வரவில்லை என்றாள் அவள். சரி என்று வைத்துவிட்டார்.

குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அருமையான உத்தரவு. குழந்தை எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் அவள் சமைப்பாள், எனக்குப் பரிமாறுவாள், தான் சாப்பிட்டதாகச் சொல்வாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்திரண்டாவது நாள் காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

"வை போனை. திருட்டுப் பசங்க," என்றேன் நான்.

"யாருங்க அது திருட்டுன்றது? நான் அங்கன்வாடி டீச்சர், நாகலாபுரம் பக்கத்துலேர்ந்து பேசறேன். பாப்பாவைப் புதுசா சேத்துக்கினு இருக்கேன். அம்மா போனுக்கு வர நம்பரைப் போட்டாதான் முட்டை, பாலு எழுத முடியும்."

கீரைக்கட்டு அவள் கையிலேயே நின்றது. "பாப்பா தலை எப்படி கீது?" என்று கேட்டாள்.

"மொட்டை. நல்லா துன்னுது. நேத்து ரெண்டு முட்டை கேட்டு வாங்கிச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நீதிமன்ற உத்தரவை எடுக்க எழுந்தாள். போனை நான் எடுத்து, மனு எழுதுகிற மாதிரி நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் வெளியே நடந்துபோவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாக்காரி ஓடிப் போயிட்டான்னு அந்த வீட்ல சொல்றாங்க. அப்பாவோட தங்கச்சிதான் இப்ப இட்டுக்கினு வந்தாங்க, உள்ள கீறாங்க. நீங்க எப்ப வருவீங்க?"

"மூணு மணி ஆயிடும்மா."

"ஒரு மணிக்கு மூடணும். பரவால்ல, சர்வர் வேலை செய்யலன்னு சொல்லி உக்கார வைக்கிறேன். வாங்க."

சர்வர் வேலை செய்யவில்லை! கவுன்ட்டரில் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை ஒருத்தி இன்னொருத்திக்கு உதவி செய்யவும் சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். நாகலாபுரம் காவல் நிலையத்தில் பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி உத்தரவை நின்றபடியே படித்தாள். இது எங்கள் எல்லை இல்லை என்று சொன்னால் பதில் சொல்ல மூன்று சட்டப்பிரிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். "எக்கண்டி," ஏறுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் எங்களுக்கு முன்னால் காரில் ஏறிவிட்டாள்.

குழந்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தலையில் கடுகு தூவினாற்போல் முடி முளைத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. "மொட்டை போட்டாங்க. நான் அழுவல," என்றது. பிறகுதான் அழுதது. தாயும் மகளும் அழுது முடிக்கும்வரை டீச்சர் எடைபார்க்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் தங்கை மூலையில் பாயில் இருந்தாள். கூச்சல் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். காலை பத்திலிருந்து மூன்று வரை அவள் எழுந்திருக்கவே இல்லையாம். சர்வருக்காக அரை மணி நேரம் காத்திருக்கிற எவரும் யாரையாவது திட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. குழந்தையின் கவுன்கள் துவைத்து மடித்து அதில் வைக்கப்பட்டிருந்தன.

"எந்த நம்பர்ல பதிவாகி கீதுன்னு கேட்டேன்," என்றாள் டீச்சர் என்னிடம். "பாக்காமலேயே பாப்பாவோட அம்மா நம்பரைச் சொன்னாங்க."

அண்ணன் எண்ணைச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம்.

அவள் எழுந்து என் தம்பி மகளிடம் வந்தாள். "அன்னிக்கு போன்ல இல்லன்னு சொன்னது நான்தான் அண்ணி. அண்ணன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான்."

"இன்னிக்கு?"

"வேலை கேட்டு நாயுடுபேட்டை போயிருக்கான். சாயங்காலம் வந்துடுவான்."

கான்ஸ்டபிள் குழந்தையை ஒப்படைத்த குறிப்பை எழுத உட்கார்ந்தாள். நான் வாசகம் சொன்னேன்: குழந்தையின் அத்தை எதிர்ப்புத் தெரிவித்தார்.

"அவ்ளோதானா?" என்றாள் தங்கை. "கம்மியா எழுதினா அவன் நம்ப மாட்டான். நான் உங்களை அடிக்க வந்தேன்னு எழுதுங்க."

நடக்காத ஒன்றைப் பதிவேட்டில் ஏற விட்டதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. கான்ஸ்டபிள் என் முகத்தைப் பார்த்தாள். அடிக்க வந்தார், இருவர் பிடித்து விலக்கினார்கள் என்று சொன்னேன். அவளும் எழுதினாள்.

பிரதியைத் தங்கை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். துணிப்பையை எங்கள் காரில் வைத்தாள். பிறகு தெரு நடுவில் நின்று, நாலு வீட்டுக்கும் கேட்கும்படி எங்களைத் திட்ட ஆரம்பித்தாள். பாவிங்களா, புள்ளையைப் புடுங்கிக்கினு போறீங்களே, நல்லா இருப்பீங்களா! கார் கிளம்பியது. குழந்தை பின்கண்ணாடியில் முகத்தை வைத்து அவளுக்குக் கையாட்டியது. அவளால் திருப்பி ஆட்ட முடியவில்லை. திட்டிக்கொண்டே நின்றாள்.