சுண்ணாம்புக்குப் போன பேர்

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் கிருமி என்றால் மூக்குக்குத் தெரிய வேண்டும். உப்புப் போடத் தாமதமான தோல் நாறும். அது பாக்டீரியாவின் வேலை. பாக்டீரியா தின்னும், பெருகும், தான் இருப்பதை நாற்றத்தால் சொல்லிவிடும். உப்பு அதன் ஈரத்தை உறிஞ்சி அடக்கும், சுண்ணாம்பு பொசுக்கும். என் கணவர் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. அவர் கண்ட கிருமியெல்லாம் இந்த இரண்டுக்கும் பணிந்தவை.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வைரஸ் வேறு ரகம் என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். அதற்கு வாய் இல்லை, மூச்சு இல்லை. உயிருள்ள செல்லுக்கு வெளியே அது வெறும் பொட்டலம். உள்ளே ஒரு கட்டளை, மேலே ஓர் உறை. செல்லுக்குள் புகுந்துவிட்டால் அந்தக் கட்டளைப்படி செல்லே அதற்கு நகல் எடுத்துக் கொடுக்கும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். வீட்டில் யாரும் கேட்டதில்லை.

விடைத்தாள் திருத்த வேலூர் போனவள், சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் மாலை திரும்பியபோது, நான்காவது படிக்கும் என் மகளின் கெண்டைக்காலில் வெள்ளையாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது.

"இன்னாடி இது?"

"நேத்து நாய் கடிச்சிடுச்சும்மா. அப்பா சுண்ணாம்பு வெச்சாரு. ரொம்ப எரிஞ்சிச்சு."

தோலிலிருந்து வழித்த சவ்வை டேனரிக்குப் பின்னால் கொட்டுவார்கள். அங்கே திரியும் நாய்களில் ஒன்று. கடித்துவிட்டு ஓடிப்போனதாம்.

"ஏன் போன்ல சொல்லல?"

"சொன்னா அங்கிருந்தே பேஜார் பண்ணுவ," என்றார் கணவர். "தோல்ல இருக்கிற முடியையே கரைக்கிற சுண்ணாம்பு. கிருமி எம்மாத்திரம்?"

"அது மேலயே உக்காந்திருக்காதுங்க. நரம்புக்குள்ள போய்டும்."

"அண்ணி கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க," என்றான் கொழுந்தன். "எல்லாரும் சிலேட்டு எடுத்துக்கினு வாங்கப்பா!"

இருவரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

வெறிநாய்க்கடி வைரஸ் காயத்திலிருந்து நரம்பு நுனியைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறும். ஏறும்வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. நாறவும் நாறாது. நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து இல்லை. அந்த நாய்க்கு வெறியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

நர்ஸ் காலைப் பார்த்தார். "சுண்ணாம்பு இருக்குது. வெத்தல பாக்கு எங்கம்மா?"

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். அந்த வைரஸின் உறை கொழுப்பாலானது. சோப்பு அதை உடைத்துவிடும். எங்கள் வீட்டுக் குளியலறையில் முந்தின நாளும் சோப்பு இருந்தது.

சுண்ணாம்பில் வெந்த தோலைச் சுற்றி ஊசி இறக்கினார்கள். வைரஸைக் காயத்திலேயே மறிக்க அது. கையில் போட்ட தடுப்பூசி, உடம்பு தானே எதிர்க்கப் பழகுவதற்கு. மகள் என் முந்தானையைக் கடித்துக்கொண்டு அலறினாள்.

"பொழச்சிடுவாளா சிஸ்டர்?"

"மிச்ச ஊசிக்கு தவறாம கூட்டினு வா. பயப்படாத."

எல்லா ஊசியும் போட்டாயிற்று. மாதங்கள் போய்விட்டன. அவள் தலைவலி என்றால் இன்னும் அந்தக் கெண்டைக்காலைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறாள். அதற்கான பேர் சுண்ணாம்புக்குப் போய்விட்டது. "எம் பொண்ணுக்கே வெச்சேன், ஒண்ணும் ஆவல," என்று குழியோரம் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊசியைப் பற்றிச் சொல்வதில்லை. அது என் பயத்துக்குப் போட்டது என்று நினைக்கிறார்.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக மகள் சொன்னாள்: "எங்க கிளாஸ் பொண்ண நாய் கடிச்சிடுச்சும்மா. அவ அழுதா. நாந்தான் சொன்னேன், சுண்ணாம்பு வெச்சா சரியாப்பூடும்னு."

"அவ வீடு எங்க?"

"எதுக்கும்மா?"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.