சோக்கைப் பார்க்காமல் கொடுத்த வண்டி

சுனாமிக்கு அடுத்த வருடம், நிவாரண வேலைக்காக போர்ட் பிளேரிலிருந்து கச்சால் தீவுக்கு மெக்கானிக்காகப் போயிருந்தேன். கடலோர முகாம்களுக்கு மருந்து கொண்டுபோக அங்கே ஒரு பழைய நாலு சக்கர பைக் இருந்தது. கறுப்புப் புகை விட்டது, பெட்ரோலைக் குடித்தது. பிளக்கைத் துடைத்து, கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகினேன். குளிர்ந்த எஞ்சின் ஒரே உதையில் கிளம்பியது. "டீக் ஹை சிஸ்டர், சரியாயிடுச்சு" என்று முகாம் நர்ஸிடம் சொல்லிவிட்டேன். சூடேறிய பிறகு எப்படி ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

மருந்துப் பெட்டியை வண்டியில் கட்டி, அவரைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். கடற்கரை மணலில் பாதி வழியில் எஞ்சின் திணறி நின்றது. உதைக்க உதைக்க பெட்ரோல் நாற்றம்தான் வந்தது.

அப்போது தரை ஆடியது.

கடலைப் பார்த்தேன். மறுபடியும் சுனாமி என்றே நினைத்தேன். "சிஸ்டர், ஓடுங்க!" என்று கத்தினேன்.

"மருந்துப் பெட்டிய மட்டும் அவுத்துக் குடுங்க தம்பி" என்றார்.

நான் நிற்கவில்லை. மேட்டைப் பார்த்து ஓடிவிட்டேன்.

கடல் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "எனக்கும் பயந்தான் தம்பி. குடிங்க."

அன்று மாலை கார்புரேட்டரைக் கழற்றினேன். உப்புக்காற்றில் துருப்பிடித்து, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக் மூடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் அதிகமாக இறங்கியது அதனால்தான். அவரிடம் போய், "நான் சரியாப் பாக்கல சிஸ்டர்" என்றேன். ஓடியதைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு முறை தரை ஆடினால் நிற்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.